பறிக்காத நாளுக்குப் பூச்சியமா, வெற்றிடமா?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலை. கொழுந்து பறித்து எடை போட்ட நாளெல்லாம் அப்பா திகதியும் கிலோவும் எழுதிய மூன்று வருடக் கொப்பி இருக்கிறது. எக்செலில் போட்டால் கோடு கண்டபடி ஏறி இறங்குகிறது. பறிக்காத நாட்களுக்குப் பூச்சியமா, வெற்றிடமா? அடுத்த மாதக் கொழுந்தைக் கணிக்க முடியுமா?

பதில்: முடியும். அதற்கு முன், ஒவ்வொரு கிலோவும் எத்தனை நாள் துளிர்த்தது என்று பாருங்கள்.

தொடர்ச்சியற்ற காலத்தொடரில், அதாவது விட்டுவிட்டு அளந்து திகதியோடு எழுதிய கணக்கில், எண்கள் இரண்டு விதமாக வரும். காலை 6 மணி வெப்பநிலை அந்தக் கணத்துக்கு மட்டும் உரியது. மழைமானித் தண்ணீரோ கடைசியாக அளந்ததிலிருந்து சேர்ந்தது. கொழுந்தும் அப்படித்தான். பூச்சியம் போட்டால் அன்று செடி துளிர்க்கவில்லை என்றாகிவிடும். வெற்றிடமாக விட்டால் 7 நாள் சுற்றும் 12 நாள் சுற்றும் ஒரே மாதிரித் தெரியும். 7 நாளில் 70 கிலோ என்றால் நாளுக்கு 10. 12 நாளில் 96 கிலோ என்றால் நாளுக்கு 8தான். கொப்பியில் ஏற்றம், செடியில் இறக்கம்! உங்கள் கோடு குதிப்பதில் பெரும்பங்கு இதுதான்.

ஆகவே கிலோவை நாட்களுக்குப் பிரித்துப் போடுங்கள். மே 27க்குப் பிறகு ஜூன் 3இல் 70 கிலோ பறித்தால், 40 மே மாதத்துக்கு, 30 ஜூனுக்கு. அப்புறம் மாதக் கூட்டுத்தொகையை அந்த மாத நாட்களால் வகுத்தால் 36 சீரான புள்ளிகள் கிடைக்கும். பெப்ரவரி குட்டை மாதம் என்பதும் சரியாகிவிடும்.

புள்ளியியலாளர்கள் போக்ஸும் ஜென்கின்ஸும் 1970இல் விளக்கிய அரிமா (ARIMA) என்ற கணிப்பு முறைக்கு 36 புள்ளிகள் போதாது. குறைந்தது 50 வேண்டும் என்பது வழக்கம். போன வருடம் இதே மாதம் வந்ததையே இந்த வருடக் கணிப்பாக எடுங்கள். எளிய முறைதான், ஆனாலும் மலையகத்தில் பருவம் அவ்வளவு வலுவானது. ஹட்டனில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலையில் உங்கள் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். அதனால் ஹட்டனில் உறவினர் யாராவது இருந்தால் அவர்களின் கணக்கை உங்களுடையதோடு சேர்க்காதீர்கள்.

கவ்வாத்து வெட்டிய மாதங்களையும், 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டதால் உரம் போடாத மாதங்கள் கொப்பியில் இருந்தால் அவற்றையும் தனியாகக் குறியுங்கள். அவை பருவத்தால் வந்த இறக்கம் அல்ல.

சரி, எவ்வளவு நம்பலாம்? மூன்றாம் வருடத்தை மறைத்துவிட்டு இரண்டாம் வருடத்தை வைத்துக் கணியுங்கள். மாதாமாதம் கணிப்பு எத்தனை கிலோ தவறுகிறதோ, அதையும் கொழுந்து ஏற்ற வரும் லொறிக்காரரிடம் கணிப்போடு சேர்த்தே சொல்லுங்கள்.