டிரான்சிட் ஓட்டலுக்கு விசா வேண்டுமா?

கேள்வி: அப்பா, அம்மா சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக சிட்னி போகிறார்கள். நடுவில் ராத்திரி பத்து மணி நேரம் காத்திருக்கணும். விமான நிலைய ஓட்டலில் தங்க விசா தேவையா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: ஓட்டல் இமிக்ரேஷனுக்கு (பாஸ்போர்ட் சோதனைக்கு) எந்தப் பக்கம் என்பதுதான் விஷயம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில், டெர்மினல் 1-இல் விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் டிரான்சிட் பகுதியிலுள்ள ஏரோடெல் ஓட்டலுக்கு இமிக்ரேஷன் தாண்ட வேண்டாம், விசாவும் வேண்டாம். விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தில் இருக்கும் யோட்டல்ஏர் ஓட்டல் இமிக்ரேஷனுக்கு வெளிப்பக்கம். விமான நிலைய ஓட்டல்தானே என்று பணம் கட்டிவிட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சென்னை கவுன்டரிலேயே பெட்டிகளுக்கு சிட்னி வரை டேக் போடச் சொல்லி, இரண்டு போர்டிங் பாஸையும் வாங்கிவிடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுக்க வெளியே வரவேண்டி வரலாம். அப்போது விசா தேவைப்பட்டு, அது கையில் இல்லாவிட்டால் திட்டமே கெடும். பெட்டி சிட்னியில்தான் கைக்கு வரும் என்பதால் மாத்திரை, மாற்றுத்துணி, சால்வை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

அறை மணிக்கணக்கில் கிடைக்கும். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட 2.30 மணி முன்னே. விமானம் நள்ளிரவு தாண்டி இறங்கினால் மறுநாள் தேதிக்குப் பதியுங்கள். டெர்மினல் 1-இல் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில் நடக்கும். 100 மில்லிக்கு மேல் எண்ணெய், ஊறுகாய் கைப்பையில் இருந்தால் அங்கே போய்விடும்.