தடித்த, கோண வடிவ எழுத்துருக்கள் தலைப்புக்கு மட்டும் ஏன் பொருந்துகின்றன?

இதற்குச் சிறந்த சான்று, ஜெர்மானிய எழுத்துக் கலைஞர் ருடால்ஃப் கோஹ் உருவாக்கி, ஆஃபன்பாக் நகரின் கிளிங்ஸ்போர் அச்செழுத்து வார்ப்பகம் 1923-இல் வெளியிட்ட நொய்லாண்ட் எழுத்துரு. முன்வரைவு ஏதுமின்றி அவர் நேரடியாக உலோகத்தில் செதுக்கியதால், வளைவுகள் உளிபட்ட விளிம்புகளைப் போல முறிந்து நின்றன. அளவுக்கு அளவு எழுத்தின் வடிவமும் சற்றே வேறுபட்டது. அந்த உயிர்ப்பையே அதன் பேரழகாக நான் கருதுகிறேன். பெரிய எழுத்துகள் (capitals) மட்டுமே கொண்ட அதில் கோடுகள் மிகத் தடித்தும் எழுத்துக்குள் அமையும் வெற்றிடம் குறுகியும் இருப்பதால், சுவரொட்டியில் தொலைவிலிருந்தே கண்ணை ஈர்க்கும் அதே எழுத்து, சிறிய அளவில் பத்தியாக அமைந்தால் கரும்பட்டையாகத் திரண்டு, சொல்லின் உருவத்தை மறைத்து, வாசிப்பைத் தடுக்கிறது. எனவே சில சொற்களுக்கு மட்டும், பெரிய அளவில், வரிகளை நெருக்கி அமைத்துப் பயன்படுத்துங்கள். தொடரும் உரைக்கு மெல்லிய எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.