பக்கத்து வீட்டுக் கமரா எங்கள் கிணற்றடியைப் பார்க்கிறது: பதில்

கமராவைக் கழற்றச் சொல்ல வேண்டாம். கிணற்றடி விழும் பகுதியை மட்டும் மறைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பதிவுப் பெட்டிகளில் ‘பிரைவசி மாஸ்க்’ வசதி இருக்கிறது. மறைத்த இடம் பதிவில் கறுப்பாகவே விழும்.

பக்கத்து வீட்டுக்காரர் வேண்டுமென்று திருப்பியிருக்க மாட்டார். வீடுகளுக்கு வழக்கமாகப் போடும் 2.8 மில்லிமீற்றர் வில்லை (லென்ஸ்) ஏறக்குறைய 100 பாகை அகலத்தை அள்ளும். படலைக்கென்று வைத்தாலும் வேலிக்கு இந்தப் பக்கமும் சேர்ந்தே வரும். யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலிகள் போய் மதில்கள் வந்தன. மதிலுக்கு மேலே நிற்கும் கண்ணுக்கு மதிலும் ஒரு மறைப்பா?

உங்கள் தாயார் இதற்குப் பயந்து விடியற்காலை இருட்டில் குளிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மனம் கனத்துவிட்டது. அகச்சிவப்பு விளக்குள்ள கமராவுக்கு இருட்டும் வெளிச்சம்தான். இன்றிரவே கிணற்றுக் கட்டருகே நின்று கைபேசியின் முன்கமராவால் அதைப் பாருங்கள். ஊதாப் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தால் பெரும்பாலும் அதன் பார்வைக்குள்தான் நிற்கிறீர்கள். உறுதி வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய திரையையே காட்டச் சொல்லுங்கள்.

ஒன்று: இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மட்டும் நம்பிப் பேசாதீர்கள். முற்றிலும் வீட்டுத் தேவைக்காக ஒருவர் எடுப்பதற்கு அது பொருந்தாது. அவர் அதையே சொல்வார். பேச்சு சரிவராவிட்டால், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அதுவரை அந்தப் பக்கம் இரண்டு தகரமாவது அடித்துவிடுங்கள்.