வாசகர் கேள்வி: ஆள் மாறிப் போன நிருபர்

கேள்வி: வெளிநாட்டுச் செய்தி சேகரிப்பைக் கேலி செய்யும் நாவல் ஏதேனும் உண்டா?
– வாசகர், திருவல்லிக்கேணி, சென்னை

பதில்: ஆங்கில எழுத்தாளர் ஈவ்லின் வா 1938-இல் எழுதிய ‘ஸ்கூப்’ நாவலைத் தயங்காமல் சொல்வேன். கிராமத்து இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதும் வில்லியம் பூட் என்ற அப்பாவியை, அதே குடும்பப் பெயர் கொண்ட நாவலாசிரியர் என்று எண்ணி, ‘டெய்லி பீஸ்ட்’ நாளேடு இஷ்மேலியா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டுக்குப் போர்ச் செய்தி சேகரிக்க அனுப்பிவிடுகிறது. ரயிலில் தூங்கிப்போய் வேறொரு தலைநகரில் இறங்கிய இன்னொரு நிருபர், அமைதியான அவ்வூரில் கலவரம் என்று தந்தி அடிக்க, மெய்யாகவே புரட்சி வெடித்த கதையும் அதில் வருகிறது. முதலாளியை மறுக்கத் துணியாமல் ‘ஓரளவுக்கு, ஐயா’ என்று முனகும் வெளிநாட்டுச் செய்தி ஆசிரியரை அண்ணா சாலைப் பத்திரிகையாளர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஈவ்லின் வா 1935-இல் அபிசீனியாவில் (இன்றைய எத்தியோப்பியா) ‘டெய்லி மெயில்’ நிருபராக இருந்தவர். ஆப்பிரிக்கர்கள் மீதான அவருடைய ஏளனம் மட்டும் இன்று நெருடுகிறது.