ஸ்மார்ட் கருவிகளின் மென்பொருளைச் சிமுலேட்டரில் மட்டும் சோதித்தால் போதுமா?

போதாது என்பதே எட்டு ஆண்டுகளாக இந்தச் சோதனை வேலையைச் செய்துவரும் என்னுடைய பதில். சிமுலேட்டர் என்பது உண்மையான கருவியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு கணினி நிரல். கருவி ஒழுங்காக இயங்கும்போது அதைச் சோதிப்பது எளிது. மின்சாரம் போய் வரும்போதும், வைஃபை அறுந்து மீண்டும் இணையும்போதும், புதிய மென்பொருள் பாதி இறங்கிய நிலையிலும் அது என்ன செய்கிறது என்று பார்ப்பதில்தான் சிரமம் இருக்கிறது. அந்த இடைப்பட்ட நிலைகளைச் சிமுலேட்டர் பெரும்பாலும் காட்டுவதில்லை.

நாங்கள் சோதித்து அனுப்பிய, இணையம் வழியே இயக்கக்கூடிய ஸ்மார்ட் பிளக்குகளில் சில, மின்வெட்டுக்குப் பிறகு சர்வருடன் இணைய மறுப்பதாகப் புகார் வந்தது. ஆய்வகத்தில் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அந்தப் பிழை தலைகாட்டவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. பிளக்கில் கடிகாரத்துக்கெனத் தனி பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் அதன் நேரம், கணினி நேரக் கணக்கின் தொடக்கமான 1970 ஜனவரி 1-க்குத் திரும்பிவிடும். மீண்டும் மின்சாரம் வந்ததும் பிளக் சில நொடிகளில் தயாராகிவிடுகிறது, ரவுட்டருக்கோ இணையம் கிடைக்க ஓரிரு நிமிடங்கள் ஆகின்றன. சரியான நேரத்தைக் கேட்டு ஒரே ஒரு முறை முயன்ற எங்கள் மென்பொருள், அது கிடைக்காமல் போகவே 1970-லேயே தங்கிவிட, அந்தத் தேதிப்படி, சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வராததாகத் தெரிந்து, இணைப்பு மறுக்கப்பட்டது. ஆய்வக ரவுட்டர் யுபிஎஸ்ஸில் இருந்ததால் ஒருநாளும் அணைந்ததில்லை. இப்போது ரவுட்டரையும் கருவியையும் ஒரே ரிலேயில் (மின்சாரத்தைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சில்) மாட்டி, இரவு முழுக்க அணைத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

தொலைவிலிருந்து மென்பொருளைப் புதுப்பிப்பது இதைவிட ஆபத்தானது. 2017 ஆகஸ்டில் இணையத்துடன் இணைந்த ஸ்மார்ட் பூட்டுகளை விற்கும் அமெரிக்காவின் லாக்ஸ்டேட் நிறுவனம் ஒரு மாடலுக்கு உரிய மென்பொருளை வேறொரு மாடல் பூட்டுகளுக்குத் தவறாக அனுப்பியதில் ஏறத்தாழ 500 பூட்டுகள் முடங்கின. அவை இணையத் தொடர்பையே இழந்துவிட்டதால் தொலைவிலிருந்து சரிசெய்யவும் வழியில்லாமல் போயிற்று. கைபேசிச் செயலியில் பிழை என்றால் மறுநாளே புதிய பதிப்பை வெளியிட்டுவிடலாம், கதவில் இருக்கும் பூட்டைக் கழற்றி அனுப்பச் சொல்வது அப்படியல்ல. ஆகவே, தனக்குரியதல்லாத கோப்பைக் கருவி ஏற்க மறுக்கிறதா என்பதையும், பாதியில் மின்சாரம் போனால் பழைய மென்பொருளுக்குத் தானாகத் திரும்புகிறதா என்பதையும் உண்மையான கருவியில் பார்க்காமல் நான் ஒப்புதல் தருவதில்லை.

பாதுகாப்பைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது, யாரும் மாற்றாமல் விட்ட ஆரம்பக் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்துத்தான்; அதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும்.

சிமுலேட்டர் இல்லாமல் முடியாத வேலையும் ஒன்று உண்டு. ஓர் ஊருக்கே மின்சாரம் திரும்பும்போது ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே நொடியில் சர்வரின் கதவைத் தட்டும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் காத்திருந்து முயல்கிறதா, சர்வர் அந்தச் சுமையைத் தாங்குகிறதா என்று பார்க்க அத்தனை பிளக்குகளை எந்த ஆய்வகத்திலும் மாட்டிவைக்க முடியாது.