கன்னியாகுமரியை வாங்கியது காசா?

கேள்வி: வசந்த் அண்ட் கோ முதலாளி என்பதைத் தவிர ஹெச்.வசந்தகுமாருக்கு என்ன தகுதி இருந்தது? காசு இருந்தால் நாங்குநேரியையும் வாங்கலாம், கன்னியாகுமரியையும் வாங்கலாம் என்பதற்கு அவர்தானே சாட்சி?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: காசு இருந்தது உண்மை. 2019 மக்களவைத் தேர்தலில் அவர் காட்டிய சொத்து 417 கோடி ரூபாய். ஆனால் அது அப்பா வைத்துவிட்டுப் போனதல்ல. அகஸ்தீஸ்வரத்திலிருந்து சென்னைக்கு வந்து, வி.ஜி.பி.யில் விற்பனையாளராக வேலை பார்த்து, 1978-ல் சொந்தக் கடை போட்டவர். மொத்தமாகப் பணம் கட்ட முடியாத குடும்பங்களுக்குத் தவணையில் டி.வி.யும் ஃபிரிட்ஜும் கொடுத்துத்தான் அந்தக் கடை வளர்ந்தது. உழைத்துச் சம்பாதித்தவர் அரசியலுக்கு வருவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

நீங்கள் சொல்கிற 'வாங்கிய' கணக்குக்கு வருவோம். 2006-ல் நாங்குநேரி சட்டமன்றத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக ஜெயித்தவர், 2011-ல் அதே தொகுதியை எர்ணாவூர் நாராயணனிடம் பறிகொடுத்தார். அந்த ஐந்து வருடத்தில் ஏழையாகிவிட்டாரா என்ன? 2014-ல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் பா.ஜ.க.வின் பொன்.ராதாகிருஷ்ணனிடம் 1,28,662 வாக்குகளில் தோற்றார். 2019-ல் அதே பொன்னாரை 2,59,933 வாக்குகளில் தோற்கடித்தார். அதே ஆள், அதே கடை, அதே பணம்.

மாறியது கூட்டணி. 2014-ல் தமிழகத்தில் காங்கிரஸ் தனியாக நின்றது. 2019-ல் தி.மு.க.வும் மார்க்சிஸ்ட்டும் கூட இருந்தன. பொன்னார் வாங்கிய ஓட்டைப் பாருங்கள்: 2014-ல் 3.72 லட்சம், 2019-ல் 3.67 லட்சம். இரண்டாவது முறை அ.தி.மு.க. பக்கத்தில் இருந்தும் அவருக்குக் கூடவில்லை. எதிர்ப்பக்கம் சிதறிக் கிடந்த ஓட்டு கை சின்னத்தில் ஒன்றுசேர்ந்தது. தெரிந்தே, யோசித்தே போட்ட ஓட்டு அது. அந்த வாக்காளர்களை விலைபோனவர்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தோற்ற 2014-லும், தமிழகத்தில் டெபாசிட் தப்பிய ஒரே காங்கிரஸ் வேட்பாளர் அவர்தான்.

பணம் உண்மையில் பேசுகிற இடம் வாக்குச்சாவடிக்கு வெகுமுன்னால், வேட்பாளர் தேர்வில் இருக்கிறது. 2019-ல் ஒரு மக்களவை வேட்பாளர் 70 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. கட்சி செய்கிற செலவுக்கோ உச்சவரம்பே கிடையாது. ஆனாலும் பூத் ஏஜென்ட் சாப்பாடு, பிரசார வண்டி, டீசல், கொடி, மைக் செட் எல்லாம் பெரும்பாலும் வேட்பாளர் தலையில்தான் விழுகிறது. அதனால் கட்சி நடத்தும் வேட்பாளர் நேர்காணலில் 'எவ்வளவு செலவு பண்ணுவீங்க?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. முப்பது வருடம் தெருத்தெருவாகக் கொடி கட்டிய தொண்டர் அங்கேயே வடிகட்டப்படுகிறார். இது காங்கிரஸுக்கு மட்டும் பொருந்துவதல்ல. உங்களுக்குப் பிடித்த கட்சிக்கும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் கோபம் போக வேண்டிய முகவரி, வேட்பாளரைத் தேர்வு செய்கிற அந்தக் கட்சி அலுவலகங்கள்.

வசந்தகுமார் விஷயத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு. அது அவர் கடையைப் பற்றியதல்ல. 2016-ல் நாங்குநேரி மக்கள் ஐந்து வருடத்துக்கு என்று நம்பித்தான் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். மூன்றே வருடத்தில் எம்.பி. ஆகி, எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார். இரண்டு அவையிலும் இருக்கச் சட்டம் விடாது. ஆனால் பதவியில் இருப்பவரையே அடுத்த தேர்தலில் நிறுத்தியது கட்சி எடுத்த முடிவு, அதற்குச் சம்மதித்தது அவர் முடிவு. அக்டோபரில் மக்கள் செலவில் இடைத்தேர்தல் நடந்தது. காங்கிரஸ் மறுபடி ஒரு தொழிலதிபரை, கட்டுமானத் துறையிலிருந்த ரூபி மனோகரனை நிறுத்தி, முப்பதாயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்றது. காசு அங்கேயும் கைகொடுக்கவில்லை. இடைப்பட்ட சுமார் ஐந்து மாதம், மனுவோடு போய் நிற்க நாங்குநேரிக்காரர்களுக்கு ஓர் எம்.எல்.ஏ. இல்லை.