24 மாணவர்கள், இரண்டு கேமரா: ஒரு செமஸ்டரை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்களுக்கு வீடியோ தயாரிப்பு எடுக்கிறேன். மொத்தம் 24 பேர். இரண்டு மிரர்லெஸ் கேமரா, ஒரு ஷாட்கன் மைக் (நீட்டிய திசையின் ஒலியை மட்டும் முக்கியமாகப் பிடிப்பது), ஒரு ஒலி ரெக்கார்டர் இருக்கின்றன. வாரம் இரண்டு லேப், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். ஜூலையில் தொடங்கி, கடைசியில் குழுவுக்கு ஒரு குறும்படம் கேட்கிறோம். குழுவில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். வசனம் காதில் விழுவதில்லை. போன முறை மழையில் பாதிப் படப்பிடிப்பு நின்றுபோனது. எப்படித் திட்டமிடலாம்?

பதில்: கடைசியில் ஒரே ஒரு படம் என்ற ஏற்பாடுதான் உங்களுடைய மூன்று சிக்கலுக்கும் வேர். ஒரே படம் என்றால் நன்றாக வேலை தெரிந்தவர் கையில்தான் கேமரா போகும். செய்த தவறு எடிட்டில் தெரிய வரும்போது திருத்த நாள் இருக்காது. அந்த நாளும் வடகிழக்குப் பருவமழையில் வந்து விழும். எனவே குறும்படத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் சின்னச் சின்னதாக நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எழுதி, எடுத்து, வெட்டி, வகுப்பில் திரையிட்டு முடிக்க வேண்டும்.

ஆறு பேர் வீதம் நான்கு குழு. ஒரு லேபில் இரண்டு குழு எடுக்கட்டும், மற்ற இரண்டும் எடிட்டில் உட்காரட்டும். அடுத்த லேபில் மாற்றிக்கொள்ளலாம். குழுவுக்குள் இயக்கம், கேமரா, கன்டின்யூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்ப்பது), எடிட்டிங் ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர், ஒலிக்கு இரண்டு பேர். பூம் (மைக் மாட்டிய நீளக் கோல்) பிடிப்பவர் ஒருவர், ஹெட்ஃபோன் மாட்டி ரெக்கார்டரைப் பார்ப்பவர் இன்னொருவர். சுற்றுக்குச் சுற்று பொறுப்பு மாற வேண்டும். நான்கு சுற்றில் ஒலிக்கு மட்டும் எட்டு வாய்ப்பு வருவதால், ஆறு பேரில் ஒருவரும் தப்பிக்க முடியாது. எல்லோரும் இயக்குநர் ஆக முடியாதே என்று மாணவர்கள் முறையிடுவார்கள். ஆகத் தேவையில்லை என்று சொல்லிவிடலாம்.

முதல் சுற்றுக்கு ஜூலையில் மூன்று வாரம். கல்லூரிக்குள்ளேயே, வசனமில்லாமல், எட்டு ஷாட்டில் ஒரு நிமிடம். எல்லோரும் செல்போனிலேயே எடுக்கட்டும். ஆனால் போனில் இருக்கும் சாதாரண கேமரா ஆப் வேண்டாம். அது பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃபிரேமில் இருக்கும், அந்த வேகமும் சீராக நிற்காது. எடிட்டில் ரெக்கார்டரில் தனியாகப் பதிந்த ஒலியோடு சேர்க்கும்போது போகப் போக உதடும் சத்தமும் விலகிப் போவது இதனால்தான். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம். அதில் 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம்) 1/50 விநாடி என்று பூட்டிவிடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. 1/50 ஷட்டரில் இரண்டு மினுங்கல் முழுதாக அடங்குவதால் படத்தில் பட்டை ஓடாது. 1/60 வைத்தால் ஓடும். கேமராவிலும் இதே அமைப்புதான்.

இரண்டாம் சுற்று ஆகஸ்டில், மூன்று நிமிட ஆவணப்படம். கடலூர் முதுநகர்த் துறைமுகம் இதற்கு நல்ல களம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்துவிடுவதால் படகுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஏலம் விடியற்காலையில் நடக்கும், லேப் நேரத்துக்குக் காத்திருக்காது. முதல் நாள் கேமரா இல்லாமல் போய்ப் பேசி, யாரை எடுக்கலாம் என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஆகஸ்டில் இடிமழை வந்தாலும் பெரும்பாலும் மாலையில்தான் வரும், காலை தப்பித்துவிடும்.

நம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கடலைப் பின்னணியாக வைத்து ஆளை நிறுத்தினால் முகம் இருட்டடிக்கும். அந்த நேரத்தில் ஊர்ப் பக்கத்தைப் பின்னணியாக வையுங்கள். கடல்தான் பின்னால் வேண்டுமென்றால் மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்வு) 100, ஷட்டர் 1/50 என்றால் லென்ஸ் துளை எஃப் 22 வரை சுருங்க வேண்டியிருக்கும். துளையை அகலமாக்கி எஃப் 4-இல் எடுக்க ஒளியை ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறைக்க வேண்டும், அதாவது லென்ஸ் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. 32 ஃபில்டர். அது இல்லாத மாணவர் ஷட்டரை 1/1600-க்கு ஏற்றிவிடுவார், நடப்பவர்கள் வெட்டி வெட்டி நகர்வார்கள்.

புதுச்சேரி பக்கத்தில்தானே என்று மாணவர்கள் ஒயிட் டவுனுக்குக் கிளம்பப் பார்ப்பார்கள். அது வேறு நிர்வாகம், அனுமதியும் அங்கேதான் தனியாக வாங்க வேண்டும். கையில் தாள் இல்லாமல் கடற்கரைச் சாலையில் ட்ரைபாட் விரிப்பது ஒரு நாளை வீணாக்குவதற்குச் சமம்.

இந்தச் சுற்றில் ஒரு குழு எடுத்ததை அடுத்த குழு வெட்டட்டும். கட்-அவே ஷாட் (இடையில் செருக உதவும் வேறு ஷாட்) இல்லை, ஆள் நகர ஆரம்பித்த பிறகுதான் ரெக்கார்ட் அமுக்கியிருக்கிறார்கள், ஒரு குளோஸப் கூடக் கிடையாது என்ற புகார்கள் குவியும். பாடத்தில் பத்து முறை சொல்லியும் ஏறாதது இந்தச் சண்டையில் ஏறிவிடும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் ஐந்து விநாடி விட வேண்டும் என்பதை விதியாக்குங்கள். மூன்று நிமிடப் படத்துக்கு 30 நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதையும். விநாடிக்கு 50 மெகாபிட் அளவில் ஒரு மணி நேரம் எடுத்தால் 22.5 ஜி.பி. ஆகும். இந்த வரம்புக்குள் நின்றால் நான்கு குழுவுக்கும் சேர்த்துச் சுற்றுக்கு 45 ஜி.பி.தான். ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, இரண்டிலும் பதிவு ஏறியதைத் திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்க விடுங்கள்.

மூன்றாம் சுற்று செப்டம்பரில், அறைக்குள், இருவர் பேசும் காட்சி. நான்கு குழுவுக்கும் பொதுவாக ஒரு பக்க வசனத்தைக் கொடுங்கள். ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம் வரும். இருவருக்கும் இடையே தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, கேமரா அதன் ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். முதலில் முழுக் காட்சியும் அகல ஷாட்டில், பிறகு ஒருவர் பக்கத்து ஷாட்டுகள் எல்லாம், அதன் பிறகே விளக்கைத் திருப்ப வேண்டும். எந்தச் சொல்லில் டம்ளரைத் தூக்கினார் என்று கன்டின்யூட்டி பார்ப்பவர் எழுதி வைக்கட்டும்.

வசனம் கேட்காததற்குக் காரணம் மைக்கின் விலை அல்ல, தூரம். வாயிலிருந்து அரை மீட்டரில் இருக்கும் மைக்கைக் கேமரா மேல் மாட்டி இரண்டு மீட்டருக்குக் கொண்டுபோனால் குரல் 12 டெசிபல் விழுகிறது, ஆனால் அறையின் எதிரொலி அப்படியே நிற்கிறது. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். பூமை ஃபிரேமுக்குச் சற்று மேலே, 40 முதல் 60 செ.மீ. தூரத்தில், நெஞ்சை நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உரத்த சொல் ரெக்கார்டர் அளவுகோலில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. டேக் ஓடும்போது மின்விசிறி, ஏ.சி. நிறுத்தம். எதிர்ச் சுவரில் இரண்டு கனத்த ஜமுக்காளம் தொங்கவிட்டால் வகுப்பறை எதிரொலி நன்றாக அடங்கும். கிளம்பும் முன் யாரும் அசையாமல் அறையின் வெறும் சத்தத்தை 30 விநாடி பதிய வேண்டும். எடிட்டில் வெட்டுக்கு வெட்டு சத்தம் தாவாமல் இருக்க அதுதான் உதவும். கடற்கரையில் மைக்குக்குப் பஞ்சு உறை போதாது, முடி வைத்த காற்றுறை வேண்டும். ஷாட்கன் கிடைக்காத குழு ஒரு காலர் மைக்கைப் போனில் செருகி, நடிப்பவர் சட்டைப் பையில் வைத்துவிடலாம். தொடக்கத்தில் ஒரு கைதட்டல் போதும், ஒலியைப் படத்தோடு சேர்த்துவிடலாம்.

நான்காம் சுற்றுக்குப் புதுக்கதை கூடாது. மூன்றாம் சுற்றின் திரையிடலில் எதெல்லாம் தவறியதோ, அதே காட்சியை அக்டோபரில் மறுபடி எடுக்கட்டும். மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் தன் தவறைத் தானே திருத்தும் வாய்ப்பைக் கடைசிப் படம் ஒருபோதும் தராது. மழை வந்தாலும் அறைக்குள் வேலை நிற்காது.

பாடத்தில் தொலைக்காட்சிப் பகுதியும் இருந்தால் அதற்கு இடையில் இரண்டு லேப் ஒதுக்கினால் போதும். ஒரு சிறிய ஹெச்.டி.எம்.ஐ. ஸ்விட்சரை (கேமராக்களின் படத்தை மாற்றி மாற்றித் தரும் கருவி) வாடகைக்கு எடுத்து, ஐந்து நிமிடப் பேட்டியை நேரலை போல நிறுத்தாமல் நடத்துங்கள். இரண்டு கேமராவும் 1080, 25 ஃபிரேமில் இருக்கட்டும். கேமராத் திரையில் தெரியும் எண்களும் குறிகளும் படத்தோடு வெளியே போகாதபடி கேமராவில் மாற்றி, தானாக அணையும் வசதியை நிறுத்திவிடுங்கள். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஒரே வெள்ளை அட்டையில், ஒரே விளக்கில் பார்க்க வேண்டும். சாதாரண கேபிள் 10 மீட்டருக்கு மேல் போனால் படம் விட்டுவிட்டு வரும்.

மதிப்பெண்ணில் 60 தனிநபருக்கு, 40 குழுவுக்கு. தனிநபர் பங்கை ஷாட் குறிப்பு, ஒலிக் குறிப்பு, கன்டின்யூட்டித் தாள், ஐந்து நிமிட வாய்மொழி ஆகியவற்றிலிருந்து கொடுங்கள். ஒலிக் குறிப்பில் டேக் எண்ணும், 'பைக் சத்தம்' போன்ற காரணமும் இல்லாவிட்டால் அவர் ஹெட்ஃபோன் மாட்டவில்லை என்று தெரிந்துவிடும்.

கடலோரக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் உலர் பெட்டியில் வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்துப் போனால் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் நீர் கோக்கும். துறைமுகம் போய்த் திரும்பிய ட்ரைபாட் கால்களை அன்றைக்கே ஈரத் துணியால் துடைத்துக் காயவைக்க வேண்டும்.